ஆபீஸ் விளக்கும் நாலு கதவுக் கக்கூஸும்

சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனதற்கு ஜப்பான்காரனைத் திட்டாத ஆள் ராஜபாளையத்தில் கிடையாது. எங்கள் ஜின்னிங் பாக்டரி முதலாளி மட்டும் திட்டவில்லை. அவருக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்துவிட்டது. யோசனை பிறந்தால் அவர் இரண்டு நாள் வெற்றிலை போடமாட்டார். வாய் சிவக்காமல் இருந்தாலே நாங்கள் பயந்துகொள்வோம்.

நான் அந்தப் பாக்டரியில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மிஷின்கள் ஷெட்டுக்குள் வரிசையாக நிற்கும். அவற்றைச் சுற்றவைக்கிற இன்ஜின் என் பொறுப்பு. படிப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாவது வரை. எனக்கு எட்டாவதைப் பிடித்திருந்தது. வாத்தியாருக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

இன்ஜினுக்குப் பர்மிட்டில் எண்ணெய் வந்தது. ஆபீஸ் விளக்குக்கு வரவில்லை. கரண்டுக் கம்பம் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பருத்தி வருகிற மாதங்களில் ஆபீஸில் பொழுது சாய்ந்த பிறகும் எழுத்து வேலை இருக்கும். குமாஸ்தாக்கள் ஐந்து பேரும் ஒரு சிமினி விளக்கைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபமும் சந்தோஷமும் வந்தால் அது தமிழுக்குள் வந்து விழும்.

"ஏமிரா, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு எதுல ஓடுது?"

"பின்னாடி அடுப்ப மாட்டிக் கரியப் போட்டு, அந்தப் புகையில ஓடுது முதலாளி. ஏத்தம் வந்தா நாங்க எறங்கித் தள்ளுதோம்."

"கரிப்புகையில பஸ்ஸே ஓடுது. மனுசன் கழிவுல விளக்கு எரியாதா? பம்பாயில எரியுதாம். பருத்தி ஏஜெண்டு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான்."

"எரியும் முதலாளி. எரிஞ்ச பொறவு அந்த வெளிச்சத்துல யாரு உக்காருவா?"

"நீ உக்கார வேண்டாம். தொட்டியப் பண்ணு."

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. கக்கூஸிலிருந்து கழிவு ஒரு செங்கல் குழிக்குள் போய்த் தண்ணீரோடு கிடந்து அழுகும். அந்தக் குழியின் மேல் ஓர் இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து மிதக்கவிட வேண்டும். அழுகலில் பிறக்கிற வாயு தொட்டியை மெல்லத் தூக்கும். தொட்டியின் தலையில் குழாய் மாட்டி மறுமுனையில் தீக்குச்சி கிழித்தால் எரியும். நான் இதைப் புரிந்துகொண்டது ஒரு மத்தியானத்தில். ஆபீஸில் இருந்த மெட்ரிகுலேஷன் பாஸ்கள் கடைசி வரை புரிந்துகொள்ளவில்லை.

தொட்டி செய்ய ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போனேன். அங்கே தகரப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் அளவைக் கேட்டுவிட்டு, "இம்புட்டுப் பெரிய அண்டா எதுக்கு தம்பி? கல்யாணமா?" என்றார்.

"கவுத்துப் போடுற அண்டா பாய்."

"கவுத்துப் போட்டா உள்ள என்ன நிக்கும்?"

"காத்து."

"எந்தக் காத்து?"

சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தொட்டியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் வேலைக்காவாது. ரெண்டு வரிசை ரிவிட்டு அடிச்சு ஈயம் ஊத்தித் தாரேன். ஒழுகுச்சுன்னா என்னத் தேடி வராத. மூக்கப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே கெட."

இந்த விவகாரம் முழுவதிலும் நான் பார்த்த ஒரே படித்த மனிதர் அவர்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்.

முதலாளி முதல் குழியை ஆபீஸ் கக்கூஸுக்குத்தான் வெட்டச் சொன்னார். குமாஸ்தாக்கள் ஐந்து பேர், ஒரு கக்கூஸ், ஒரு குழி, ஒரு தொட்டி. ஷெட்டில் பருத்தி அரைக்கிற பெண்கள் அறுபது பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கக்கூஸே கிடையாது. கேட்டால், "அவங்களுக்குத்தான் காடு கெடக்கே" என்பார்.

காடு கிடந்தது உண்மை. பாக்டரிக்குப் பின்னால் பத்து உடைமரம், அதற்குப் பெயர் காடு. பகல் முழுக்க அந்த நிழலில்தான் பருத்தி வண்டிக்காரர்கள் பாரம் இறக்கக் காத்துக்கிடப்பார்கள். பெண்கள் விடியுமுன் தளவாய்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வருவார்கள்; பொழுது சாயத்தான் விடுதலை. இடையில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பஞ்சுத் தூசி தொண்டையில் அப்பிக்கொண்டிருக்கும், பானையில் தண்ணீர் இருக்கும், ஒருத்தியும் மொண்டு குடிக்கமாட்டாள். என் அக்கா அதில் ஒருத்தி. அவளுக்கு இரண்டு வருஷமாக நீர்க்கடுப்பு. மிஷின் முன்னால் நின்றுகொண்டே உதட்டைக் கடிப்பாள். இன்ஜின் மேடையிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு நான் இன்ஜினைத் துடைப்பேன்.

ஆபீஸ் குழிக்குக் கொத்தனார் வந்தார், சுண்ணாம்பு வந்தது, பாயின் தொட்டி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. தொட்டி எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க முதலாளி அதில் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு மாதம் ஆயிற்று. கோடு போட்ட இடத்திலேயே நின்றது. தொட்டிக்குக் குமாஸ்தாக்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை போலிருந்தது.

"என்னடா இது, அசைய மாட்டேங்குது?"

"அசையுறதுக்கு உள்ள என்ன இருக்கு முதலாளி? இவிய அஞ்சு பேரும் காலையில வீட்டுல முடிச்சுட்டு, குளிச்சு, துண்ணூறு பூசி, பத்து மணிக்கு வாராவ. இங்க வந்து காபிய மட்டும்தான் எறக்குதாவ."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பெரிய குமாஸ்தா சன்னலுக்கு உள்ளே இருந்து இதைக் கேட்டுவிட்டார். அவர் சைவம், வெள்ளை வேட்டியில் ஒரு மை சொட்டுகூட விழவிடமாட்டார். அன்று முதல் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்த மாதிரிப் பார்ப்பார்.

சிரிப்பு அடங்குமுன் நான் சொன்னேன். "அறுபது பொம்பளையாளுக இருக்காக முதலாளி. விடியக்காலம் எந்திரிச்ச கையோட நடந்து வாரவுக. ஒரு கக்கூஸக் கெட்டிப் பாருங்க. தொட்டி எந்திரிச்சு உக்காரும்."

இரண்டு நாள் வெற்றிலை போடவில்லை. மூன்றாம் நாள் சம்மதித்தார். பெண்களுக்குத் தனி வரிசையாக நாலு அறை, நாலு கதவு, கீழே ஒரு பெரிய குழி, அதன் மேல் கவிழ்க்கப் பாயிடம் இன்னொரு தொட்டி. ஆனால் ஒன்று சொல்லிவிட்டார்.

"பொங்கலுக்குள்ள ஆபீஸ்ல விளக்கு எரியணும். எரியல, நாலு ரூமையும் பருத்திக்கொட்டை போட எடுத்துப்பேன். பொம்பளைங்களுக்குச் சத்திரம் கட்டி விட நான் தர்மகர்த்தா இல்ல."

பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திறந்த அன்றே எந்தக் கதவு எந்தத் தெருக்காரிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சேரியிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசிக் கதவு. நான் அக்காவிடம் கேட்டேன். "யக்கா, மேல நாலு கதவு இருக்கு. கீழ ஒரே குழிதான். அங்க போய் யாரு பிரிப்பா?"

"நீ வாய மூடுலே. இருக்கிறதக் கெடுத்துராத."

அவள் சொன்னதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

குழிக்குள் முதலில் நாலைந்து வண்டி மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். பாலுக்கு உறை போடுகிற மாதிரி. பெண்கள் மற்றதைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் தொட்டி அசைந்தது. ஐந்தாவது வாரம் முழங்கால் உயரம் எழும்பி நின்றது. குழாய் முனையில் தீக்குச்சி வைத்தேன். நீலமாக ஒரு நாக்கு எழுந்தது. நாற்றம் ஒன்றும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் போய்ச் சொன்னேன்.

"ஆச்சிமாரே, நீங்க போட்ட சாமான் எரியுது."

ஒரு வயதானவள் சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "சோறு திங்குற எடத்துல பேசுற பேச்சா இது?"

"நெசமாத்தான். இனிமே ஆபீஸ்ல வெளக்கு உங்க புண்ணியம்."

"எங்க வீட்டுல சிம்னிக்கு எண்ணெ இல்ல. அவியளுக்கு நாங்க வெளக்குப் போடுதோமா? நல்லா இருக்குலே நியாயம்."

அக்கா சொம்பில் தண்ணீர் மோந்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பகல் வெளிச்சத்தில் அன்றுதான் பார்த்தேன்.

ஆபீஸுக்குக் குழாய் இழுத்து, பழைய விளக்குக் கூண்டில், சுடரை வெள்ளையாக்குகிற மேண்டில் வலையைக் கட்டி மாட்டினேன். அப்போதுதான் பெரிய குமாஸ்தா எழுந்து நின்றார். முதலாளியிடம் நேராகச் சொல்லாமல் சுவரில் இருந்த லட்சுமி படத்திடம் சொன்னார்.

"கண்ட கண்ட சாதிப் பொம்பளைகளோட மலத்துல எரியுற வெளிச்சத்துல பேனாவத் தொடமாட்டேன். அம்மா படம் இருக்கிற எடம் இது."

மற்ற நாலு பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குச் சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். பெரிய குமாஸ்தா இல்லாவிட்டால் பாக்டரியில் ஒரு கடிதம் போகாது. இன்ஜின்காரன் இல்லாவிட்டால் இன்னோர் இன்ஜின்காரன் கிடைப்பான். பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் குழாயைக் கழற்றினேன். அடுத்து வந்த விடுமுறை நாளில் யாரும் இல்லாதபோது பெண்கள் தொட்டியிலிருந்து ஆபீஸ் தொட்டிக்கு மண்ணுக்கடியில் ஒரு குழாயைப் புதைத்தேன். இரண்டு நாளில் ஆபீஸ் தொட்டியும் எழுந்து நின்றது. காலையில் ஆபீஸ் வாசலில் போய்க் கும்பிட்டேன்.

"ஐயா, உங்க குழி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. சாக்பீஸ் கோட்டுக்கு மேல ஒரு சாண் ஏறி நிக்கு. இனி பொம்பளையாளுக சங்காத்தமே வேண்டாம். இது முழுக்க நம்ம ஆபீஸ் சரக்கு."

ஐந்து பேரும் வெளியே வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கும்பாபிஷேகத்தில் கலசத்தைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள். அன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. பெரிய குமாஸ்தா அதன் கீழ் உட்கார்ந்து, பேனாவைத் தொட்டு, எழுதினார்.

இதோடு நான் வாயை மூடியிருந்தால் ஒரு கேடும் இல்லை. என்னால் முடியவில்லை. "என்ன ஐயா, மத்த வெளக்கெல்லாம் மஞ்சளா எரியும், இது வெள்ளையா எரியுதே?" என்று கேட்டு வைத்தேன்.

"சாப்பாடுப்பா" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் மரியாதையான பேச்சு. "நெய், பருப்பு, கீரை. மாமிசம் உள்ள போனா பொகையும்."

"அதான பாத்தேன்."

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐந்து பேரும் வீட்டில் முடிப்பதை நிறுத்தினார்கள். காலையில் பத்து மணிக்கு வருகிறவர்கள் எட்டுக்கே வேகவேகமாக வந்தார்கள். ஒரே கக்கூஸ், வாசலில் உத்தியோக வரிசைப்படி நின்றார்கள். பெரிய குமாஸ்தா முதலில், கடைக்குட்டி குமாஸ்தா கடைசியில், முகம் வேர்த்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு. நான் இன்ஜின் மேடையில் இருந்து, "அவசரமில்ல ஐயா, சாயங்காலம்தான் வெளக்கு" என்று குரல் கொடுப்பேன். இவர்கள் எல்லாரும் என்னைப் படிக்காதவன் என்று சொன்னவர்கள்.

பொங்கல் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பொங்கல் கழிந்து வேலைக்குப் போன முதல் நாள், பெண்கள் கக்கூஸின் நாலு கதவிலும் பூட்டுத் தொங்கியது.

முதலாளியிடம் ஓடினேன்.

"ஆபீஸ் குழியே போதும்னு நீதானே சொன்னே? பெரிய குமாஸ்தாவும் சொல்றாரு. அஞ்சு பேரால ஆகுறதுக்கு அறுபது பேர் எதுக்கு? பருத்திக்கொட்டை மழையில கெடக்கு. நாளைக்கு மூட்டைய உள்ள அடுக்கச் சொல்லியிருக்கேன்."

எனக்கு வாய் எழவில்லை. இருபத்திரண்டு வயதில் அது எனக்கு முதல் தடவை.

ஷெட்டுக்குள் வந்தேன். அக்கா பெல்ட் ஓட ஆரம்பிக்கக் காத்து நின்றாள். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது.

"பூட்டுனது முதலாளி இல்லலே. நீதான் பூட்டுன" என்றாள். "அந்தாளு எங்கள மலம்னான். நீ அவனுக்குக் கிரீடம் வச்ச. கேலி பண்ணுனியாக்கும். யாரக் கேலி பண்ணுன? வெளக்கு அவனுக்கு எரியுது. எனக்குத்தான் எரியுது, அடிவயிறு."

அவள் மறுபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நாலாம் நாள் மிஷின் முன்னால் குந்திவிட்டாள். இரண்டு பேர் தாங்கி வெளியே கூட்டிப் போனார்கள். மூத்திரத்தில் ரத்தம் என்று அந்த வயதானவள் வந்து சொன்னாள். என்னிடம் சொல்லக் கூச்சப்படவில்லை. என்னை ஆம்பளையாக மதிக்கவில்லை என்று தெரிந்தது.

அன்றே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும். மண்ணுக்கடியில் முதலாளிக்குத் தெரியாமல் குழாய் புதைத்தவனுக்கு எந்தப் பாக்டரியில் இன்ஜின் கொடுப்பார்கள்? விளக்கு தானே அணையும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மற்றவர்களைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தேன். கோழைகளை எண்ணும்போது என்னையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரிய குழியில் கிடந்தது பத்து நாளுக்குத் தாங்கியது. பதினோராம் நாள் விளக்கு சிவந்தது. தொட்டி இரண்டும் இறங்கின. ஆபீஸில் கலவரம். யார் காலையில் வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறான் என்று பெரிய குமாஸ்தா விசாரணை வைத்தார். கடைக்குட்டி குமாஸ்தா கண்ணில் நீரோடு, "சத்தியமா இங்கதான் ஐயா" என்றார். இரண்டாம் குமாஸ்தா வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை வந்ததாக மூன்றாம் குமாஸ்தா காட்டிக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி எல்லாரிடமும் பெருமை அடித்து வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் ஆபீசர் வெள்ளிக்கிழமை விளக்கைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்துவிட்டது. அன்று திங்கள். முதலாளி தொட்டியடியில் தனியாக நின்றிருந்தார். நான் போய்ச் சொன்னேன். குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று காலால் கோடு போட்டுக் காட்டினேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து மெதுவாகக் காம்பு கிள்ளினார்.

"அந்த அஞ்சு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாது முதலாளி."

"தெரியவேண்டாம். அவங்க பாட்டுக்கு வரிசையில நிக்கட்டும். பூட்டத் தெறந்து மூட்டைய வெளிய தள்ளு."

அவ்வளவுதான் அந்த மனிதரின் நியாயம். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

செவ்வாய்க்கிழமை நாலு கதவையும் நானே அகலத் திறந்து வைத்தேன். ஒருத்தியும் போகவில்லை. புதனும் போகவில்லை. விடியுமுன் வழியில் ஓடைக்கரையிலேயே முடித்துவிட்டு வந்தார்கள். பகலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் ஷெட் வாசலில் அக்காவை மறித்தேன். முகம் வெளுத்திருந்தாள்.

"யக்கா, தெறந்துதான இருக்கு. ஏன் இப்படிச் சாகுதிய?"

"தெறந்தவன் நாளைக்குப் பூட்டுவான். ஆபீசர் வந்துட்டுப் போன பொறவு மறுபடியும் மூட்ட ஏறும். எங்கள என்ன மாடுன்னு நெனச்சியா, சாணிக்கு மட்டும் அவுத்து விடுறதுக்கு?" மூச்சு வாங்கினாள். "பூட்டும் சாவியும் எங்க கையில வேணும். அப்படியே கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா வேணும்."

"உள்பக்கம் தாழ்ப்பா இல்லயா?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆசாரி, சரக்கு அறைக்குப் போடுகிற மாதிரி நாலு கதவுக்கும் வெளியே மட்டும் கொண்டி போட்டிருந்தான். இத்தனை வாரமும் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சாணத்திலிருந்து மேண்டில் வரை எல்லாம் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சாவிய அவங்ககிட்டயா?" என்றார். தொட்டியைப் பார்த்தார். தொட்டி குழிக்குள் கழுத்து வரை இறங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. "நாலு தாழ்ப்பா எவ்வளவுடா ஆகும்?" என்று கேட்டார். நான் சாவிக்குக் கையை நீட்டினேன். மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, நாலைப் பிரித்து, என் உள்ளங்கையில் போட்டார்.

வியாழக்கிழமை காலை இன்ஜினை ஓடவிட்டுவிட்டுத் திருப்புளியோடு போனேன். ஆபீஸ் வாசலில் ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள். பெரிய குமாஸ்தா என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்கு நாங்க ஆச்சு" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

முதல் மூன்று கதவுக்கும் தாழ்ப்பாள் மாட்டினேன். நாலாவதற்குக் கடைசி திருகை முடுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் அக்கா வந்து நின்றாள். சாவிகள் அவள் இடுப்பில் ஏறியிருந்தன. எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று திரும்பினேன்.

"வெலகுலே வெளியே" என்றாள்.

விலகினேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.